டப்பாவில் இருந்தால்தான் ரிப்போர்ட்டில் வரும்

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள் பெரியவர்கள். சமையல்கட்டுக்குச் சொன்ன இந்த வாக்கு மருத்துவ ஆய்வுக்கூடத்துக்கும் அப்படியே பொருந்தும். தில்லியில் ஓர் அரசு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்து எழுந்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். டப்பாவில் என்ன வந்ததோ அதைத்தான் நாங்கள் பார்க்க முடியும். பார்த்ததைத்தான் ரிப்போர்ட்டில் எழுத முடியும்.

ரத்தப் பரிசோதனையில் நோயாளிக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. கையை நீட்டினால் போதும். எந்தக் குழாயில் எத்தனை மில்லி எடுக்க வேண்டும், எதைக் குலுக்க வேண்டும் என்பதெல்லாம் ஊசி போடுகிறவருக்குத் தெரியும். ஆனால் சளி, சிறுநீர், விந்து என்று ரத்தம் அல்லாத மற்றவற்றுக்கு வந்துவிட்டால் கதை வேறு. கையில் ஒரு டப்பாவைக் கொடுத்து, ஹிந்தியில் அரை வாக்கியம் சொல்லிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டு விடுவார்கள். மாதிரி எடுக்கும் பொறுப்பு நோயாளியின் தலையில். அந்தச் சில நிமிடங்களுக்கு அவர்தான் ஆய்வுக்கூடத்தின் ஊழியர். பயிற்சி இல்லாத, சம்பளம் இல்லாத ஊழியர். நம் வீட்டுப் பெரியவர்களாக இருந்தால், பாஷையும் தெரியாத ஊழியர்!

ஊரில் நிலத்தையும் வீட்டையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வயதான காலத்தில் பிள்ளையோடு இருக்கலாம் என்று இங்கே வந்து சேர்ந்த தாய் தகப்பன்மார் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! காய்கறி வாங்கும் அளவுக்கு ஹிந்தி வந்துவிடுகிறது. ஆஸ்பத்திரி ஹிந்தி வருவதில்லை. அதனால் விளையும் கஷ்டத்தைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

எச்சில் வேறு, கோழை வேறு

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்குச் சளியைச் சோதிக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதிமுறை. கவுண்டரில் 'பல்கம்' கொண்டுவாருங்கள் என்பார்கள். ஹிந்தியில் பல்கம் என்றால் நெஞ்சுக்குள்ளிருந்து வரும் கோழை. எச்சிலுக்கு 'தூக்' என்று பெயர். தமிழிலோ நாம் மூக்கில் வருவதையும் சளி என்கிறோம், நெஞ்சில் இருப்பதையும் சளி என்கிறோம். பல்கம் என்றால் என்னவென்று தெரியாத அம்மா, டப்பாவைப் பார்த்ததும் துப்பச் சொல்கிறார்கள் என்று எண்ணி நாசூக்காக எச்சிலைத் துப்பித் தந்துவிடுகிறார்.

ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். கோழையைக் கண்ணாடிச் சில்லில் தடவி, கார்பால் ஃபியூக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றிச் சூடுகாட்டுவோம். பிறகு அமிலத்தால் கழுவுவோம். மற்றக் கிருமிகளின் சாயம் போய்விடும். காசநோய்க் கிருமியின் மேல் மெழுகு போன்ற உறை இருப்பதால் அது மட்டும் சிவப்பை விடாது. கடைசியில் நீலச் சாயம். நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கீற்றாகக் கிருமி தெரியும். 1882-ல் ராபர்ட் காக் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்த சில ஆண்டுகளுக்குள் வந்த முறை இது. இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது.

இதில் ஒரு கணக்கு உண்டு. ஒரு மில்லி லிட்டர் கோழையில் குறைந்தது 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்குப் படும். கிருமி இல்லை என்று எழுதுவதற்கு முன் நூறு இடங்களை நகர்த்தி நகர்த்திப் பார்ப்போம். டப்பாவில் இருப்பது எச்சிலாக இருந்தால் நூறு இடம் என்ன, ஆயிரம் இடம் பார்த்தாலும் தெரிவது வாயின் உட்புறத்திலிருந்து உதிர்ந்த செல்கள்தான். ரிப்போர்ட்டில் 'கிருமி இல்லை' என்று வரும். அந்தக் குடும்பத்துக்கு நிம்மதி. இருமல் மட்டும் நிற்காது. ஒரே அறையில் படுத்துறங்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அந்தக் காற்றுத்தான்.

எங்கள் ஆய்வுக்கூட வாசலில் ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தார். கூலி வேலை செய்யும் மகனுடன் தில்லிக்கு வந்தவர். ஒன்றரை மாதமாக இருமல், மாலையில் காய்ச்சல், உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. இரண்டு முறை சோதித்தும் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. மூன்றாவது டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் எத்தனை தடவைதான் துப்பச் சொல்லுவாங்களோ" என்று தனக்குத்தானே தமிழில் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

"அம்மா, துப்பக் கூடாது. நெஞ்சிலிருந்து காறி எடுக்கணும்" என்றேன்.

"ஐயோ, இத்தனை ஆம்பிளைங்க நடுவுலயா? காறித் துப்புறது அசிங்கம் இல்லையா தம்பி?" என்றார்.

பாஷை பாதிக் காரணம், கூச்சம் மீதிக் காரணம். மறுநாள் காலை எழுந்ததும் மொட்டை மாடியில் தனியாக நின்று எடுத்து வரும்படி முறையைச் சொல்லி அனுப்பினேன். வந்த டப்பாவில் மஞ்சள் நிறத்தில் கெட்டியான கோழை இருந்தது. சில்லில் சிவப்புக் கீற்றுகள் ஒன்றல்ல இரண்டல்ல. ஆறு மாத மருந்தில் அந்த அம்மா தேறிவிட்டார்.

இது ஏதோ ஒருவருக்கு நடந்த தற்செயல் அல்ல. பாகிஸ்தானில் ராவல்பிண்டி நகரத்துக் காசநோய் மையத்தில் மூவாயிரம் பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஓர் ஆய்வு 2007-ல் லான்செட் இதழில் வெளிவந்தது. பாதிப் பேருக்கு வழக்கம்போல் டப்பாவை மட்டும் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு டப்பாவோடு, கோழையை எப்படி எடுப்பது என்று சில நிமிடம் விளக்கிச் சொன்னார்கள். விளக்கம் பெறாத பெண்களில் நூற்றுக்கு 8 பேருக்குக் கிருமி தெரிந்தது. விளக்கம் பெற்ற பெண்களில் நூற்றுக்கு 13 பேருக்குத் தெரிந்தது. ஆண்களிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. புது மருந்தில்லை, புதுக் கருவியில்லை. புரியும்படி சொன்ன நாலு வார்த்தைதான்!

ரத்தத்தில் பார்த்துவிட்டால் என்ன?

"இந்தக் காறுகிற வேலையெல்லாம் எதற்கு? ரத்தத்தில் பார்த்துவிடலாமே" என்று படித்தவர்களே கேட்பதுண்டு. ஒரு காலத்தில் காசநோய்க்கென்று ரத்தத்தில் பார்க்கும் எதிர்ப்பொருள் சோதனைகள் தனியார் கூடங்களில் தாராளமாக நடந்தன. நோய் இருப்பவருக்கு இல்லை என்றும், இல்லாதவருக்கு இருக்கிறதென்றும் காட்டியதால் உலக சுகாதார நிறுவனம் 2011-ல் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. 2012-ல் இந்திய அரசு தடையே விதித்துவிட்டது. நுரையீரலில் இருக்கும் கிருமியை நுரையீரலிலிருந்து வருவதில்தான் தேட வேண்டும்.

நம் சென்னைக்கும் இதில் பங்குண்டு. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டிலேயே வைத்தும் மருந்து கொடுத்துப் பார்த்தது. குணமானதா என்பதற்கு முக்கிய உரைகல் கோழையில் கிருமி மறைந்ததா என்பதுதான். வீட்டு வைத்தியம் எடுத்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள் என்ற முடிவு 1959-ல் வெளியாகி உலகமெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்து வைத்தது. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குவது அந்த மையம்தான்.

இப்போது சி.பி.நாட், நம் நாட்டில் உருவான ட்ரூநாட் என்ற கருவிகள் வந்துவிட்டன. கிருமியின் மரபணுவையே பெருக்கிக் கண்டுபிடிக்கும். மைக்ராஸ்கோப்புக்கு ஆயிரக்கணக்கில் வேண்டிய இடத்தில் இவற்றுக்குச் சில நூறு போதும். முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். அரசுத் திட்டத்தில் கட்டணமும் இல்லை. ஆனால் எவ்வளவு கெட்டிக்காரக் கருவியானாலும் எச்சிலைக் கோழையாக்கத் தெரியாது.

தேரையர் வைத்த கெடு

சிறுநீருக்கு வருவோம். ஸ்பிரிட் விளக்கில் பெனடிக்ட் கரைசலைக் கொதிக்க வைத்து, நீலம் பச்சையாகி மஞ்சளாகிச் செங்கல் நிறமாவதைப் பார்த்து வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறதா என்று சொன்ன காலம் வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கலாம். இன்று பட்டையை நனைத்தால் ஒரு நிமிடத்தில் பத்து விவரம் கிடைக்கிறது.

நம் சித்த மருத்துவத்தில் நீர்க்குறி, நெய்க்குறி என்ற முறை உண்டு. சிறுநீரின் நிறம், மணம், நுரை முதலியவற்றைப் பார்ப்பது நீர்க்குறி. அதன் மேல் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பு போல நீண்டால் வாதம், மோதிரம் போல வளைந்தால் பித்தம், முத்துப் போல நின்றால் கபம் என்று கொள்வது நெய்க்குறி. இன்றைய ஆய்வுக்கூடம் எண்ணெய்த் துளியை வைத்து நோயைச் சொல்வதில்லை. ஆனால் தேரையர் பெயரில் வழங்கும் அந்த முறையில் மாதிரி எடுப்பதற்குச் சொல்லியிருக்கும் நிபந்தனைகள் என்னை வியக்க வைத்தவை. முதல் நாள் அளவாக உண்டு உறங்க வேண்டும். விடியற்காலை நீராக இருக்க வேண்டும். கண்ணாடிக் கலத்தில் பிடிக்க வேண்டும். ஒரு முகூர்த்த காலத்துக்குள், அதாவது சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள், பார்த்துவிட வேண்டும். இன்று நாங்கள் வைக்கும் கெடு இரண்டு மணி நேரம். சித்தர் எங்களைவிடக் கண்டிப்பு!

கெடு எதற்கு? சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையில், ஒரு மில்லி லிட்டருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தால் நோய்த்தொற்று என்ற அளவுகோலை 1950-களில் எட்வர்ட் காஸ் என்பவர் வகுத்தார். தோலிலிருந்து தவறிக் கலக்கும் கிருமிகள் அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும் என்பது அடிப்படை. ஆனால் சிறுநீரில் காணப்படும் ஈ.கோலைக் கிருமி உகந்த சூட்டில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகக் கூடியது. ஆயிரம் கிருமி ஏழு முறை இரட்டித்தால் 1,28,000. தில்லி மே மாத வெயிலில், ஸ்கூட்டர் டிக்கியில் வைத்து, ஆபீஸ் போகிற வழியில் மாமா கொண்டு வரும் பாட்டில் என்ன கதிக்கு ஆளாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாத நோய்க்கு ஆன்டிபயாடிக் சாப்பிடுவது வீட்டுக் குழந்தையாக இருக்கும். இரண்டு மணிக்குள் கொடுக்க முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்கலாம்.

இன்னொன்று, பாட்டில். ஜாம் பாட்டிலையும் டானிக் பாட்டிலையும் கழுவிக் கொண்டு வருபவர்கள் இன்றும் உண்டு. ஒட்டியிருக்கும் இனிப்பு சர்க்கரை நோயாக ரிப்போர்ட்டில் ஏறிவிடும். ஆய்வுக்கூடம் தரும் டப்பாவே நல்லது. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். ஹிந்தியில் 'பீச் கா பேஷாப்' என்பது அதுதான். கல்ச்சர் என்றால் மருந்து தொடங்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும்.

முதுகில் எடுக்கும் நீர்

சில திரவங்களை டாக்டர்தான் ஊசி போட்டு எடுக்க வேண்டும். அவற்றில் நம்மவர்கள் அதிகம் அஞ்சுவது மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரை. 'கமர் கா பானீ' எடுக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றதும், கால் விளங்காமல் போய்விடும் என்று பயந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டவர்களை நான் அறிவேன்.

1891-ல் ஜெர்மானிய மருத்துவர் குயின்கே தொடங்கி வைத்த முறை இது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பெலும்பு வரிசையில் முதல் அல்லது இரண்டாவது எலும்போடு முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்குக் கீழே, மூன்றாவது நான்காவது எலும்புகளை ஒட்டி. குழந்தைகளுக்குத் தண்டுவடம் சற்றுத் தாழ்ந்திருப்பதால் அதற்கேற்ப இடம் பார்த்துப் போடுவார்கள். பெரியவர் உடம்பில் இந்த நீர் சுமார் 150 மில்லி. நாளொன்றுக்கு அரை லிட்டர் வரை புதிதாகச் சுரக்கிறது. எடுக்கும் சில மில்லியை உடம்பு ஒரு மணி நேரத்துக்குள் ஈடுகட்டிவிடும். சிலருக்குப் பின்னர் தலைவலி வரலாம். தலைக்குள் அழுத்தம் கூடியிருக்கும் என்று சந்தேகம் இருந்தால் டாக்டர்களே முதலில் ஸ்கேன் பார்ப்பார்கள்.

நல்ல நிலையில் இது ஊற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். சர்க்கரை ரத்தத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு. வெள்ளணுக்கள் ஐந்துக்கு மேல் இருக்காது. சீழ்க் காய்ச்சல் என்றால் அணுக்கள் ஆயிரக்கணக்கில் பெருகி நீர் கலங்கிவிடும், சர்க்கரை விழுந்துவிடும். காசநோய் என்றால் வேறு வகை அணுக்கள் இருக்கும், புரதம் ஏறும். குழாயை அசையாமல் வைத்தால் சிலந்திவலை போல ஒரு படலம் மிதப்பதும் உண்டு. இரண்டுக்கும் மருந்து வேறு. மூளைக்காய்ச்சலில் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு. கையெழுத்துப் போடத் தயங்குவதால் காது கேளாமையும் வலிப்பும் மிஞ்சலாம். உயிரே போகலாம்.

எடுத்த பிறகும் ஓர் ஆபத்து. நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிகளில் குழாயை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போகும் வேலை பல சமயம் உறவினர் கையில் வரும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டீ குடித்துவிட்டு, ஊருக்குப் போன் பேசிவிட்டு வருவார்கள். சாதாரண அறைச் சூட்டிலேயே சீழைக் காட்டும் வெள்ளணுக்கள் இரண்டு மணி நேரத்தில் பாதியளவு அழிந்துபோகும். கிருமி சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். சிறுநீரைப் போல இதை ஃப்ரிட்ஜில் வைக்கலாகாது. மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் கிருமிகளில் சில குளிரில் செத்துவிடும். கையில் வந்ததும் நேரே ஓட வேண்டியதுதான். நெஞ்சிலும் வயிற்றிலும் மூட்டிலும் எடுக்கும் நீருக்கும் தாமதம் ஆகாது.

ஆண்கள் தயங்கும் டப்பா

குடும்பப் பத்திரிகையில் இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால்தான் தவறு. திருமணமாகிச் சில ஆண்டுகள் குழந்தையில்லை என்றால் மருமகளுக்கு ஸ்கேன், மருமகளுக்கு ஊசி, மருமகளுக்குக் கோயில் விரதம். மகனுக்கு ஒன்றும் இல்லை. குழந்தைப்பேறு தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் முழுதாகவோ பகுதியாகவோ இருக்கிறது. பெண்ணுக்குச் செய்யும் பல சோதனைகளைவிட விந்துச் சோதனை எளிது, செலவும் குறைவு, வலியும் இல்லை.

இதற்கும் முறை உண்டு. இரண்டு நாள் முதல் ஏழு நாள் வரை இடைவெளி வேண்டும். சோப்பு, எண்ணெய் கூடாது. முழுவதும் டப்பாவில் விழ வேண்டும். கொஞ்சம் சிந்தினாலும், குறிப்பாக முதலில் வருவது, சொல்லிவிட வேண்டும். வீட்டில் எடுத்தால் உடல் சூட்டோடு ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கையேட்டின்படி மில்லி லிட்டருக்கு ஒரு கோடியே அறுபது லட்சம் என்பது கீழ் எல்லை. ஒரு முறை குறைந்திருந்தால் முடிவு கட்டக் கூடாது, மறுமுறை பார்க்க வேண்டும். காய்ச்சல் வந்து போனால்கூடச் சில வாரம் குறைவது உண்டு.

நம்மால் ஆகக்கூடியது

கவுண்டரில் இருப்பவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. காலை நேரத்தில் அவர் முன்னால் நூறு பேர் நிற்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நாமே தமிழில் சொல்லி அனுப்பலாம்.

கோழைக்கு: காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்க வேண்டும். மூச்சை ஆழ இழுத்து, சற்று நிறுத்தி விடுவதை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். பிறகு அடிநெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். அரைத் தேக்கரண்டிக்குக் குறையாமல், முடிந்தால் ஒரு தேக்கரண்டி இருக்கட்டும். மொட்டை மாடி போன்ற திறந்த வெளியில், மற்றவர்களிடமிருந்து விலகி நின்று எடுக்கட்டும். குளியலறையில் கூடாது, அடுத்து நுழைபவருக்கு ஆபத்து. பெயர், மூடியில் அல்ல, டப்பாவின் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். மூடிகள் மாறிவிடும்.

ஹிந்தியில் கேட்கத் தெரிய வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: 'கித்னீ தேர் மே தேனா ஹை?' எவ்வளவு நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று பொருள். சங்கத்தில் ஹிந்தி தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். இந்தச் செய்திகளை ஒரு சிறு அட்டையில் தமிழில் அச்சடித்து, ஹிந்திச் சொற்களையும் தமிழ் எழுத்தில் போட்டு, பொங்கல் விழாவுக்கு வருபவர்களுக்குக் கொடுத்தால் என்ன? அட்டை வாசிக்காதவர்களுக்கு, துணைக்குப் போகும் ஒரு பிள்ளை போதும். அடுத்த செயற்குழுவில் இதைப் பேசும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். வாசகங்களை எழுதித் தர நான் தயார்.

டப்பாவைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொண்டு உடனே நகர்ந்துவிடாதீர்கள். எதை எடுப்பது, எப்போது எடுப்பது, எப்படி எடுப்பது, எவ்வளவு நேரத்தில் தருவது என்ற நான்கையும் கேட்டுக்கொண்டு நகருங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.